இரைப்பை சொன்ன நேரம்

சடலத்தைப் பார்த்த மாத்திரத்தில், உயிர் போனது இத்தனை மணி இத்தனை நிமிடத்துக்கு என்று மருத்துவர் சொல்லிவிடுவார் என்ற நம்பிக்கையைத் துப்பறியும் படங்கள் நம்மிடம் வளர்த்துவிட்டன. அந்த நம்பிக்கை நீதிமன்றத்துக்குள் நுழைந்தால் என்ன ஆகும் என்பதைக் கனடாவின் ஒரு வழக்கு காட்டியது. 1959 ஜூன் 9 மாலை, ஒன்டாரியோ மாகாணத்தின் கிளின்டன் ஊருக்கு அருகே 12 வயதுச் சிறுமி ஒருத்தி காணாமல்போனாள். இரண்டு நாள் கழித்து அவள் உடல் மரக்கூட்டம் ஒன்றுக்குள் கிடைத்தது. அன்று மாலை அவளைச் சைக்கிளில் ஏற்றிச் சென்றவன் ஸ்டீவன் ட்ரஸ்காட் என்ற 14 வயதுப் பள்ளி மாணவன். நெடுஞ்சாலைவரை கொண்டுபோய் இறக்கிவிட்டதாக அவன் சொன்னான். எட்டு மணிவாக்கில் அவன் பள்ளிக்கூடத்துக்குத் திரும்பிவிட்டதைப் பலர் பார்த்திருந்தார்கள். ஆக, அவள் இறந்தது எட்டு மணிக்கு முன்பா, பின்பா என்பதில்தான் வழக்கே தொங்கியது. உடற்கூறாய்வு செய்த மருத்துவர் 7.15-க்கும் 7.45-க்கும் இடையில் என்றார். வெறும் அரை மணி நேரம்! சிறுவனுக்குத் தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டது.

அந்த அரை மணி நேரக் கணக்குக்கு முக்கிய ஆதாரம், சிறுமியின் இரைப்பையில் செரிக்காமல் கிடந்த இரவுச் சாப்பாடு. அவள் சாப்பிட்டு முடித்தது ஏறக்குறைய 5.45 மணி. உணவு இரண்டு மணி நேரத்தில் இரைப்பையைக் கடந்துவிடும், கடக்கவில்லை, எனவே அதற்குள் இறந்திருக்கிறாள் என்பது வாதம். கேட்பதற்குச் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் இரைப்பை, அடியில் ஓட்டை போட்ட தண்ணீர்த் தொட்டி அல்ல, ஒரே வேகத்தில் காலியாவதற்கு. தண்ணீர் சீக்கிரம் இறங்கிவிடும். கெட்டியான உணவோ ஒன்றிரண்டு மில்லிமீட்டர் துகளாக அரைபடும்வரை இரைப்பையின் கீழ்வாயைத் தாண்டுவது கடினம். கொழுப்பு முன்சிறுகுடலைத் தொட்டதுமே அங்கே சுரக்கும் ஹார்மோன், 'மெல்ல அனுப்பு' என்று இரைப்பைக்குத் தகவல் கொடுக்கிறது. அதனால் கனமான சாப்பாடு நான்கு மணி நேரம், சில வேளை அதற்கு மேலும் தங்கும். எல்லாவற்றுக்கும் மேலாக அச்சம் இருக்கிறது. ஆபத்தை உணர்ந்த உடம்பு ரத்தத்தைத் தசைகளுக்குத் திருப்பி, செரிமானத்தை ஒத்திப்போடுகிறது. இது புதிய கண்டுபிடிப்பும் அல்ல. 1822-இல் வயிற்றில் குண்டு பாய்ந்து ஆறாத துளையோடு பிழைத்த அலெக்சிஸ் செயின்ட் மார்ட்டினின் இரைப்பைக்குள் நேராகவே எட்டிப்பார்த்த அமெரிக்க ராணுவ மருத்துவர் வில்லியம் போமான்ட், கோபம் போன்ற உணர்ச்சிகள் செரிமானத்தைக் குலைப்பதை 1833-இல் வெளியிட்ட நூலிலேயே பதிவு செய்திருக்கிறார். கொலையுண்டவரின் கடைசி மணித்துளிகளில் அச்சம் இல்லாமலா இருந்திருக்கும்? எந்த வழக்கில் இந்தக் கடிகாரம் தேவைப்படுகிறதோ, அந்த வழக்கில்தான் அது நின்றுபோயிருக்க வாய்ப்பு அதிகம்.

இரைப்பையை விட்டால் வேறு அளவுகோல்கள் இல்லையா என்று கேட்கலாம். இருக்கின்றன. இறந்தபின் தசைச் செல்களில் ஏடிபி என்ற ஆற்றல் மூலக்கூறு தீர்ந்துபோக, ஒன்றையொன்று பற்றிய தசைப் புரதங்கள் விடுபட வழியின்றி உடல் விறைக்கிறது. வெயில் காலத்தில் இது விரைவில் வந்து விரைவில் விலகும், குளிரில் தாமதமாகும். உடல் வெப்பம் படிப்படியாகக் குறைந்து சுற்றுப்புறத்தோடு சமமாகும். முதல் சில மணி நேரத்தில் இதுவே ஓரளவு நம்பத் தகுந்த அளவுகோல். ஆனால் சென்னையின் கத்திரி வெயிலில் காற்றே 40 டிகிரியைத் தொடும்போது, 37 டிகிரி உடல் எங்கே போய்க் குளிர்வது? உடல் கிடைக்க இரண்டு நாள் ஆகிவிட்டாலோ வெப்பநிலைக் கணக்குக்கு வேலையே இல்லை.

அப்படியானால் காவல்துறை எதை வைத்து விசாரணையைத் தொடங்கும், நேரமே சொல்லாத மருத்துவரால் யாருக்கு என்ன பயன் என்ற மறுப்பு நியாயமானது. நேரம் சொல்லத்தான் வேண்டும். ஆனால் இன்ன மணியிலிருந்து இன்ன மணிக்குள் என்ற அகன்ற இடைவெளியாக, எந்தெந்தக் காரணத்தால் அது இன்னும் அகலக்கூடும் என்ற விளக்கத்தோடு சொல்ல வேண்டும். அகன்ற இடைவெளி சந்தேக நபர்களின் பட்டியலை நீட்டிவிடும் என்பது உண்மைதான். குறுகிய இடைவெளியோ அந்தப் பட்டியலில் ஒரே ஒரு பெயரை விட்டுவைத்தது. விசாரணைக்குச் சிரமம் என்பதற்காக உடலியலின் நிச்சயமின்மையை மறைப்பது, என் பார்வையில், பொய்ச்சாட்சிக்கு அடுத்த வீடு.

ட்ரஸ்காட்டின் தூக்குத் தண்டனை 1960-இல் ஆயுள் தண்டனையாகக் குறைக்கப்பட்டது. 1969-இல் பரோலில் வெளியே வந்தார். ஒன்டாரியோ மேல்முறையீட்டு நீதிமன்றம் 2007 ஆகஸ்ட் 28 அன்று, இறப்பு நேரம் குறித்த புதிய அறிவியல் சாட்சியங்களையும் கேட்டபின், நீதி பிறழ்ந்துவிட்டது என்று கூறி அவரை விடுவித்தது. அப்போது அவருக்கு வயது 62. மறு ஆண்டு 65 லட்சம் கனடிய டாலர் இழப்பீடு கிடைத்தது. சிறுமியைக் கொன்ற குற்றத்துக்கு அதன்பின் வேறு எவரும் தண்டிக்கப்படவில்லை.