கலகக்காரருக்குக் கட்சி மாலை சூட்டுமா?

அமெரிக்க ஜனாதிபதித் தேர்தலைப் பற்றிப் பத்திரிகைகளில் படிக்கும் நம் வாசகர்களில் பலர், நவம்பர் மாதத்தில் நடக்கும் போட்டியையே பெரிதாகக் கவனிக்கிறார்கள். ஆனால் அதற்கு முன்பே வேறொரு போட்டி நடந்து முடிந்துவிடுகிறது. டெமாக்ரடிக் கட்சி, ரிபப்ளிகன் கட்சி என்ற இரண்டு பெரிய கட்சிகளில் ஒன்றின் அபேட்சகராக இல்லாதவர் அந்நாட்டில் ஜனாதிபதியாவது அநேகமாக நடவாத காரியம். ஆகவே, கட்சி தன் அபேட்சகரை எவ்வாறு பொறுக்குகிறது என்பதே மூலாதாரமான விஷயம். கட்சியின் பெரிய மனிதர்களையும் அவர்களுடைய அபிப்பிராயங்களையும் எதிர்த்துக் கிளம்பும் ஒருவர், அதே கட்சியின் அபேட்சகராக முடியுமா? இதைச் சரித்திரத்தைக் கொண்டே சிறிது ஆராய்ந்து பார்ப்போம்.

முதலில் 1896-ம் வருஷத்தை எடுத்துக்கொள்வோம். அப்பொழுது டெமாக்ரடிக் கட்சியைச் சேர்ந்த கிளீவ்லண்டுதான் ஜனாதிபதி. தங்க நாணயமே நாட்டுக்கு க்ஷேமம் என்பது அவர் கொள்கை. விளைபொருள் விலை விழுந்து, கடனில் மூழ்கிக்கொண்டிருந்த குடியானவர்களோ வெள்ளி நாணயமும் தாராளமாகப் புழங்க வேண்டும் என்று கூக்குரலிட்டார்கள். ஜூலை மாதம் சிகாகோவில் கட்சி மகாநாடு கூடியது. நெப்ராஸ்காவைச் சேர்ந்த வில்லியம் ஜென்னிங்ஸ் பிரயன் என்ற 36 வயது வாலிபர் மேடையேறிப் பேசினார். சபை ஆரவாரித்தது. மறுநாள் ஐந்தாவது வோட்டெடுப்பில் அவரே அபேட்சகரானார்.

ஒரே பிரசங்கத்தால் ஒருவர் கட்சியைக் கைப்பற்றினார் என்று இதைக் கதை போலச் சொல்வது வழக்கம். கதை அழகானதுதான், ஆனால் முழு உண்மையன்று. வெள்ளிக் கட்சியார் அதற்கு முன்னரே ராஜ்யம் ராஜ்யமாக வேலை செய்து, மகாநாட்டுப் பிரதிநிதிகளில் பெரும்பான்மையோரைத் தங்கள் பக்கத்தவராகவே அனுப்பியிருந்தார்கள். உழுது விதைத்த நிலத்தில் பெய்த மழை பிரயனுடைய பிரசங்கம். தரிசில் பெய்திருந்தால் ஒன்றும் முளைத்திராது.

இதற்கு நேர்மாறான சம்பவம் 1912-ல் நடந்தது. முன்னாள் ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட், தம்மால் பதவிக்குக் கொண்டுவரப்பட்ட டாப்ட்டையே எதிர்த்து ரிபப்ளிகன் கட்சியில் போட்டியிட்டார். சாதாரணக் கட்சி வாக்காளர்களே நேரில் வோட்டுப் போடும் பூர்வாங்கத் தேர்தல் அப்பொழுதுதான் சில ராஜ்யங்களில் பரவிவந்தது. அத்தகைய ராஜ்யங்களில் பெரும்பாலானவற்றில் ரூஸ்வெல்ட்டே ஜயித்தார். டாப்ட்டின் சொந்த ராஜ்யமாகிய ஓஹையோ கூட அவருக்கே வோட்டளித்தது. ஆனால் மற்ற ராஜ்யங்களில் பிரதிநிதிகளைப் பொறுக்கியவர்கள் கட்சி நிர்வாகிகள். தகராறுக்குட்பட்ட 254 ஸ்தானங்களில் 235-ஐக் கட்சிக் கமிட்டி டாப்ட்டுக்கே கொடுத்தது. ரூஸ்வெல்ட்டுக்குக் கிடைத்தவை 19. டாப்ட் அபேட்சகரானார்.

விளைவு என்ன? ரூஸ்வெல்ட் வெளியேறித் தனிக் கட்சி கண்டார். நவம்பரில் டெமாக்ரடிக் கட்சியின் வில்ஸனுக்கு 435 தேர்வாளர் வோட்டுகள், ரூஸ்வெல்ட்டுக்கு 88, மகாநாட்டில் வென்ற டாப்ட்டுக்கு வெறும் எட்டு!

மகாநாட்டின் பிடி அவ்வளவு எளிதில் தளர்ந்துவிடவில்லை. 1940-ல் பிலடெல்பியாவில் ரிபப்ளிகன் கட்சி, எந்தப் பதவிக்கும் தேர்ந்தெடுக்கப்பட்டிராத வெண்டல் வில்கி என்ற மின்சாரக் கம்பெனித் தலைவரை ஆறாவது வோட்டெடுப்பில் அபேட்சகராக்கியது உண்மையே. அதற்குச் சில காலம் முன்பு வரையில் அவர் டெமாக்ரடிக் கட்சிக்காரர்! ஆனால் 1952-ல் செனெட்டர் கீபாவர் பூர்வாங்கத் தேர்தல்களில் பெரும்பாலானவற்றை ஜயித்துக்கொண்டு டெமாக்ரடிக் மகாநாட்டுக்கு வந்தார். மகாநாடோ, அத்தேர்தல்களில் போட்டியிடாத ஸ்டீவன்ஸனுக்கு மாலை சூட்டியது. கீபாவருக்கு வோட்டுப் போட்ட ஜனங்கள் என்ன நினைத்திருப்பார்கள் என்பதை வாசகர்களே ஊகித்துக்கொள்ளலாம்.

இந்த மனக்குறை 1968-ல் தெருவுக்கே வந்துவிட்டது. வியட்நாம் யுத்தத்தை எதிர்த்துக் கிளம்பிய செனெட்டர் மக்கார்த்தி, நியூ ஹாம்ப்ஷயரில் நூற்றுக்கு 42 வோட்டுகள் பெற்றார். அதே மாதக் கடைசியில் ஜனாதிபதி ஜான்ஸன் போட்டியிலிருந்தே விலகினார். நியூ ஹாம்ப்ஷயர் தேர்தலுக்குப் பின், ஜான்ஸன் விலகுமுன்னரே போட்டியில் குதித்திருந்த ராபர்ட் கென்னடி ஜூன் மாதம் கொலையுண்டார். இறுதியில் அபேட்சகரானவர் பூர்வாங்கத் தேர்தல்களில் நில்லாத ஹம்ப்ரி. சிகாகோ வீதிகளில் போலீஸாரின் தடியடி, மண்டபத்துக்குள் ஏச்சுப்பேச்சு. நவம்பரில் அக்கட்சி தோற்றது.

அதன் பிறகே விதிகளைத் திருத்த ஒரு கமிஷன் ஏற்பட்டது. அதன் முதல் தலைவர் செனெட்டர் மக்கவர்ன். பிரதிநிதிகள் வாக்காளர்களின் விருப்பப்படியே தேர்ந்தெடுக்கப்பட வேண்டும் என்ற முறை வலுப்பெற்றது. 1972-ல் அம்முறைப்படி அபேட்சகராக வென்றவர் யார்? அதே மக்கவர்ன்தான். விதிகளை வகுத்தவருக்கு அவற்றின் நெளிவு சுளிவுகள் தெரியாமலா இருக்கும்? ஆனால் நாட்டு மக்கள் 49 ராஜ்யங்களில் அவரைக் கைவிட்டார்கள். கட்சியின் மாலை வேறு, நாட்டின் மகுடம் வேறு என்பது அன்று தெளிவாயிற்று.

தோல்விக்குப் பயந்த கட்சித் தலைவர்கள், தேர்தலின்றியே மகாநாட்டில் வோட்டுப் போடும் உரிமையைப் பிற்காலத்தில் தங்களுக்கு ஏற்படுத்திக்கொண்டார்கள். 2016-ல் இத்தகையோர் டெமாக்ரடிக் பிரதிநிதிகளில் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கினர். அவ்வருஷம் 20-க்கு மேற்பட்ட ராஜ்யங்களில் வென்றும் பெர்னி ஸாண்டர்ஸ் அபேட்சகராகவில்லை. நியாயமாகச் சொல்வதானால், ஹில்லரி கிளிண்டனுக்குச் சாதாரண வாக்காளர்களின் வோட்டுகளே அதிகம். இருந்தும், முதல் வோட்டு விழுமுன்னரே பெரிய மனிதர்கள் ஒரு பக்கம் சேர்ந்துவிட்டார்கள் என்ற வருத்தம் நீங்கவில்லை. போட்டியுள்ள முதல் வோட்டெடுப்பில் அவர்கள் கலந்துகொள்ளக் கூடாது என்று 2018-ல் கட்சி விதி செய்தது.

அதே 2016-ல் ரிபப்ளிகன் கட்சியில் நடந்தது வேறு. எந்த அரசாங்கப் பதவியும் வகித்திராத டொனால்ட் டிரம்பைப் பெரிய தலைவர்கள் பலர் எதிர்த்தார்கள். ஆனால் முக்கிய அபேட்சகர்கள் 17 பேர்! எதிர்ப்பு வோட்டுகள் பல துண்டுகளாகச் சிதறின. அத்துடன், அதிக வோட்டுப் பெற்றவருக்கே எல்லா ஸ்தானங்களும் அல்லது பெரும்பகுதியும் சேரும் என்ற விதி பல ராஜ்யங்களில் இருந்தது. பூர்வாங்க வோட்டுகளில் பாதிக்கும் குறைவாகப் பெற்றே அவர் அபேட்சகரானார், நவம்பரிலும் வென்றார். 2020-ல் டெமாக்ரடிக் கட்சியார் இப்பாடத்தை மறக்கவில்லை. ஸாண்டர்ஸ் முன்னணியில் நின்றபோது, மிதவாத அபேட்சகர்களான புட்டிஜெஜ்ஜும் குளோபுச்சரும் விலகிப் பைடனை ஆதரித்தார்கள். சில தினங்களில் ஆட்டமே மாறிவிட்டது.

ஆகவே, கலகக்காரர் வெல்ல மூன்று சௌகரியங்கள் வேண்டும் என்று நமக்குத் தோன்றுகிறது. கட்சித் தொண்டர்களிடையே உண்மையான மனக்குறை இருக்க வேண்டும். எதிரிகள் ஒன்றுசேராமல் பிரிந்து நிற்க வேண்டும். பிரதிநிதிகளைக் கணக்கிடும் விதி, வோட்டைப் பிரதிநிதியாக மாற்றித்தர வேண்டும். பதவியிலிருக்கும் ஜனாதிபதியே எதிராளியானால் இம்மூன்றும் சேர்வது மிக அரிது. 1976-ல் ரேகனுக்குக் கிடைத்தவை 1,070 பிரதிநிதிகள். ஜனாதிபதி போர்டுக்கு 1,187. 1980-ல் ஜனாதிபதி கார்ட்டரை எதிர்த்த எட்வர்ட் கென்னடியும் தோற்றார்.

கலகக்காரர் எப்பொழுதும் நல்லவர், கட்சித் தலைவர்கள் எப்பொழுதும் சூழ்ச்சிக்காரர்கள் என்று நாம் சொல்ல வரவில்லை. கூட்டத்தின் ஆவேசத்தைக் கண்டு அஞ்சுவதற்கும் சில சமயம் காரணமுண்டு. ஆனால் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். 1912-லும் 1968-லும் தோற்ற தரப்பார், தாங்கள் வோட்டில் தோற்றதாக எண்ணவில்லை. கதவு தங்களுக்கு அடைக்கப்பட்டதாகவே எண்ணினார்கள். அப்படி எண்ணியவர்களில் பலர் நவம்பரில் கட்சிக்கு உழைக்கவில்லை. கலகக்காரரைத் தோற்கடிக்க விரும்பும் கட்சி, அவரைப் பகிரங்கமாக, எல்லோரும் பார்க்க எண்ணிய வோட்டில் தோற்கடிப்பதே தனக்குச் செய்துகொள்ளும் உபகாரமாகும்.