பேஸ்மேக்கரும் வானலையும்: நாம் கேட்க வேண்டிய இரண்டு கேள்விகள்

மாஹிமில் இருக்கும் நம்மவர் வீடுகளுக்கு ஊரிலிருந்து வரும் உறவினர்கள் இரண்டு வகை. வேலை தேடி வருபவர்கள் ஒரு வகை. ஹிந்துஜா, ரஹேஜா என்று ஆஸ்பத்திரி தேடி வருபவர்கள் மறு வகை. பின்னவர்களில் நெஞ்சில் பேஸ்மேக்கர் வைத்துக்கொண்டவர்களும் உண்டு. நான் ரயில்வேயில் சிக்னல், தொலைத்தொடர்புப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். அதனால், "அண்ணாச்சி, மேலே 25,000 வோல்ட் கம்பி போகுதே, லோக்கல்ல ஏறலாமா?" என்று என்னிடம் கேட்கிறார்கள். நான் டாக்டர் அல்ல. ஆனால் மின்சார இரைச்சலோடு காலமெல்லாம் மல்லுக்கட்டியவன். தெரிந்ததைச் சொல்கிறேன்.

1925-இல் போரிபந்தரிலிருந்து குர்லாவுக்கு ஓடிய நம் நாட்டின் முதல் மின்சார ரயில் 1,500 வோல்ட் நேர் மின்சாரத்தில் ஓடியது. மேற்கு ரயில்வேயின் புறநகர்ப் பாதை 2012-லும், ஹார்பர் பாதை 2016-லும் 25,000 வோல்ட் மாறு மின்சாரத்துக்கு மாறின. மாறு மின்சாரம் பக்கத்துத் தொலைபேசிக் கம்பிகளில் இரைச்சலைத் தூண்டும். அதனால்தான் அந்தக் கம்பிகளைப் பூமிக்கடியில் கவசமிட்ட கேபிளாகப் புதைத்தோம். பேஸ்மேக்கருக்கும் அப்படியே உலோகக் கூடும் வடிகட்டியும் உண்டு. சாதாரணமாக ரயிலில் போய் வர டாக்டர்கள் தடை சொல்வதில்லை.

இங்கே ஓர் அழகான வித்தியாசம் உண்டு. ரயில்வேயில் சந்தேகம் வந்தால் சிக்னல் சிவப்பாகிவிடும். வண்டி நின்றால் பாதுகாப்பு. இதயம் நிற்கலாமா? ஆகவே இரைச்சல் மிகுந்து இதயத் துடிப்பை உணர முடியாமல் போனால், பெரும்பாலான பேஸ்மேக்கர்கள் நிற்காமல் ஒரே வேகத்தில் துடிப்பு கொடுத்துக்கொண்டே இருக்கும்.

அடுத்து, புரோகிராமர் என்னும் கருவி. ஆண்டுக்கு ஓரிரு முறை பரிசோதனைக்குப் போகும்போது, நெஞ்சின் மேல் ஒரு வட்டுப் போன்ற பாகத்தை வைத்து, பேட்டரி எவ்வளவு மிச்சம், துடிப்பு எப்படி என்று படிப்பார்கள், வேகத்தையும் மாற்றுவார்கள். பேச்சு முழுவதும் வானலையில்தான். புது மாடல்கள் சில மீட்டர் தள்ளியும் பேசும். அதற்கு உலகின் பல நாடுகள் 402 முதல் 405 மெகாஹெர்ட்ஸ் வரை ஒதுக்கியிருக்கின்றன. பக்கத்தில் வேறு மின்கருவி இரைந்தால் தொடர்பு அறுந்து போகலாம். அரைகுறையாக வந்த கட்டளையைக் கருவி ஏற்காது. பழைய அமைப்பிலேயே ஓடும். மறுபடி முயன்றால் சரி.

ஆக, "யார் குறுக்கிடுகிறார்கள்?" என்ற முதல் கேள்விக்குப் பதில் ஓரளவு நிம்மதியானது. "யார் ஒட்டுக் கேட்கிறார்கள்?" என்பதுதான் இரண்டாவது கேள்வி. 2008-இல் அமெரிக்கப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், இதயத்துக்கு அதிர்ச்சி கொடுக்கும் கருவி ஒன்றைச் சோதனைச்சாலையில் வைத்துப் பார்த்தார்கள். அது பேசியதில் நோயாளியின் பெயர், பிறந்த தேதி, நோய் விவரம் எல்லாம் பூட்டுப் போடாமல் வந்தன. சில சென்டிமீட்டர் தூரத்திலிருந்து அமைப்பை மாற்றவும் முடிந்தது. 2017-இல் இத்தகைய குறை காரணமாக, அமெரிக்காவில் சுமார் 4,65,000 பேஸ்மேக்கர்களுக்குப் புது மென்பொருள் ஏற்ற அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அனுமதித்தது. அறுவை சிகிச்சை வேண்டாம். புரோகிராமர் மூலம் மூன்று நிமிட வேலை. அதுவரை யாருக்கும் தீங்கு நேர்ந்ததாகத் தகவல் இல்லை என்றும் அறிவித்தார்கள்.

உண்மையில், நம் விவரங்கள் காற்றில் கசிவதைவிடக் காகிதத்திலும் கம்ப்யூட்டரிலும் கசிவதே அதிகம். 2022 நவம்பரில் டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் கம்ப்யூட்டர்கள் இணையத் தாக்குதலில் முடங்கி, பல நாட்கள் கையால் எழுதியே வேலை நடந்தது. என் உறவினர் ஒருவரின் பரிசோதனைக் காகிதங்களுக்கு நடுவே, முன்னால் வந்துபோன வேறொரு பெண்மணியின் இதயத் துடிப்புத் தாள் பெயர், வயதோடு இருந்தது. புறநகர் கிளினிக் ஒன்றில் நடந்தது இது. கல்யாணத்துக்கு வரன் பார்க்கும் வீடாக இருந்தால் அந்தத் தாள் என்ன பாடு படுத்தும் என்று சொல்ல வேண்டியதில்லை.

சட்டம் நம் பக்கம் இருக்கிறது. 2017-இல் உச்ச நீதிமன்றம் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்றது. 2023-இல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. விதிகள் 2025 நவம்பரில் வெளிவந்து படிப்படியாக அமலாகின்றன. தரவைக் காக்கத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் உண்டு. மருத்துவர்களுக்கான 2002-ஆம் ஆண்டு ஒழுங்குமுறைப்படி, நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் பதிவேடுகளைத் தர வேண்டும்.

அன்பர்கள் செய்ய வேண்டியவை இவை:

1. பேஸ்மேக்கர் அடையாள அட்டையைப் பர்ஸிலேயே வையுங்கள். விமான நிலையத்தில் அதைக் காட்டுங்கள்.

2. செல்போனைச் சட்டையின் மேல் பையில் வைக்காதீர்கள். கருவியிலிருந்து 15 சென்டிமீட்டராவது தள்ளி இருக்கட்டும். காந்தம் உள்ள போன்களில் இன்னும் கவனம் தேவை.

3. பரிசோதனையின்போது, "புது மென்பொருள் வந்திருக்கிறதா? என் விவரம் எங்கே போகிறது? யார் பார்க்கலாம்?" என்று கூச்சப்படாமல் கேளுங்கள்.

4. பரிசோதனைத் தாளைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். டாக்டருக்கு மட்டும் அனுப்புங்கள்.

மராத்தியோ இந்தியோ சரளமாக வராத பெரியவர்கள், கேள்வி கேட்கத் தயங்கியே நீட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். அடுத்த முறை வீட்டுப் பிள்ளைகள் ஒருவர் கூடப் போய், படித்துச் சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். அதற்கு ஒரு நாள் லீவு போட்டாலும் தகும்.