ஃபேமிகாமின் 21ஆம் கால்

ஜப்பானிலிருந்து வந்த ஃபேமிகாம் என்ற வீடியோ விளையாட்டுக் கருவியை அப்படியே எடுத்து நம் ஊர்ப் பழைய டிவியில் மாட்டினால் படம் வராது. கோளாறு எதுவும் இல்லை. அது அனுப்பும் அலை போய் விழுகிற இடம் வேறு, அவ்வளவுதான். ஜப்பானின் டிவி சேனல்கள் 1, 2 இரண்டும் 90 முதல் 102 மெகாஹெர்ட்ஸ் வரை இருந்தவை. நமக்கு அது எஃப்.எம். ரேடியோவின் இடம். அக்காலத்து ஜப்பானில் எஃப்.எம். 76இல் தொடங்கி 90இல் முடிந்துவிடும். அதற்கு மேலே டிவி. 108 வரை போகிற ரேடியோ வைத்திருந்தவர்கள் அங்கே முதல் மூன்று டிவி சேனல்களின் ஒலியை ரேடியோவிலேயே கேட்டார்கள். நம் டிவியில் அந்த அலையை எப்படியோ தேடிப் பிடித்தாலும் பாதிக் கிணறுதான் தாண்டியிருப்போம். படத்துக்கும் ஒலிக்கும் நடுவே அங்கே 4.5 மெகாஹெர்ட்ஸ் இடைவெளி, இங்கே 5.5. வண்ணம் அங்கே 3.58 மெகாஹெர்ட்ஸில் ஏறி வரும், இங்கே 4.43இல். கிடைப்பது ஊமையான கறுப்பு வெள்ளைப் படம்.

1983 ஜூலை 15 அன்று 14,800 யென் விலையில் நின்டெண்டோ விற்பனைக்கு விட்ட இந்தக் கருவிக்கு, ஆன்டெனா வழியைத் தவிர டிவியோடு பேச வேறு வழியே வைக்கப்படவில்லை. அதனால்தான் வெளிநாட்டுக்குப் போன ஃபேமிகாம்களில் பல, படத்தையும் ஒலியையும் கம்பி வழியே நேரே வெளியே எடுக்கும் ‘ஏ.வி. மாற்றம்’ செய்யப்பட்டவையாக இருக்கின்றன. ஒரு ட்ரான்சிஸ்டர், சில ரெசிஸ்டர்கள், ஒரு கெப்பாசிட்டர், மஞ்சளும் வெள்ளையுமாக இரண்டு துளை. யாரோ, எங்கோ, எப்போதோ சால்டர் வைத்தது. அப்படி ஒன்று கைக்கு வந்து, மாட்டியதும் படம் சரியில்லை என்றால் எங்கே தொடங்குவது? எனக்கு இந்தக் கருவி பிடித்துப்போனதே அந்தக் கேள்வியால்தான். இதன் ஒவ்வொரு கோளாறும், உள்ளே எந்தப் பாகம் என்ன செய்துகொண்டிருக்கிறது என்பதைத் திரையிலேயே காட்டிவிடுகிறது. சால்டரிங் அயனைச் சூடாக்குவதற்கு முன் திரையைக் கொஞ்ச நேரம் பார்த்தால் போதும்.

முதலில் மின்சாரம். இதில் அவசரம் கூடாது. ஃபேமிகாமின் சொந்த அடாப்டர் ஜப்பானின் 100 வோல்ட்டுக்கானது. அதை நம் 230 வோல்ட்டில் செருகினால் உள்ளே இருக்கும் மின்மாற்றியின் இரும்பு தாங்காது, சூடேறிக் கருகும். சரி, இங்கேயே ஒரு அடாப்டர் வாங்கிவிடலாம் என்றால் அங்கும் ஒரு பொறி. ஃபேமிகாமுக்கு வேண்டியது 10 வோல்ட் டி.சி., 850 மில்லி ஆம்பியர். செருகியின் நடுத்துளை மைனஸ், வெளிவளையம் பிளஸ். இன்று கடையில் கிடைக்கும் அடாப்டர்களில் பெரும்பாலும் நடுத்துளைதான் பிளஸ். ஃபேமிகாமின் அமெரிக்க வடிவமான என்.இ.எஸ். கருவியின் அடாப்டரோ டி.சி.யே தராது, 9 வோல்ட் ஏ.சி. தரும், என்.இ.எஸ்.ஸின் உள்ளே அதை டி.சி. ஆக்கும் டையோடுகள் உண்டு, ஃபேமிகாமில் இல்லை. ஒரே குடும்பத்துக் கருவிதானே என்று அதை மாட்டியவர்களின் ஃபேமிகாம்கள் பல செத்திருக்கின்றன.

மூல அடாப்டரைத் தகுந்த மின்மாற்றியோடு இணைத்து, வேறு எதிலும் செருகாமல் மல்டிமீட்டரில் அளந்தால் 10ஐத் தாண்டிக் காட்டும். பயப்பட வேண்டாம். சுமை ஏறியதும் அது இறங்கும். பார்க்க வேண்டிய எண் கருவிக்கு உள்ளே இருக்கிறது. அடிப்பக்கத் திருகுகள் சாதாரண ஸ்டார் ஸ்க்ரூடிரைவருக்கே கழன்றுவிடும். பின்புறத்துச் சின்ன போர்டில், அலுமினியத் தகட்டில் மாட்டிய மூன்று கால் சிப் ஒன்று நிற்கும்: 7805. வருகிற 10 வோல்ட்டில் பாதியை வெப்பமாக ஊதித் தள்ளிவிட்டு, மீதி 5 வோல்ட்டைத் தருவது அதன் வேலை. கருவி ஓடும்போது மீட்டரின் கறுப்பு முள்ளை நடுக்காலிலும் சிவப்பு முள்ளைக் கடைசிக் காலிலும் வைத்தால் 4.75க்கும் 5.25க்கும் நடுவே ஒரு எண் அசையாமல் நிற்க வேண்டும். எண் தள்ளாடினால் அல்லது குறைந்தால் மற்ற எதையும் தொடாமல் இதைத்தான் முதலில் சரிசெய்ய வேண்டும்.

எண் சரியாக இருந்தும் மின்சாரம் அழுக்காக இருக்கலாம். நாற்பது வயதான கெப்பாசிட்டர்கள் உலர்ந்துபோனால் வீட்டு மின்சாரத்தின் துடிப்பு படத்துக்குள் கசிந்து, அகலமான மங்கல் பட்டைகளாகக் குறுக்கே தெரியும். ஜப்பானில் இந்தப் பட்டைகள் ஊருக்கு ஊர் வேறு மாதிரி நடந்துகொள்ளும். 1890களில் டோக்கியோ ஜெர்மானிய ஜெனரேட்டர்களை வாங்கியது, ஒசாகா அமெரிக்க ஜெனரேட்டர்களை வாங்கியது. அதனால் இன்றும் நாட்டின் கிழக்குப் பாதி 50 ஹெர்ட்ஸ், மேற்குப் பாதி 60. ஃபேமிகாம் வினாடிக்கு 60.1 படம் வரைகிறது. ஒசாகாவில் அதுவும் மின்சாரமும் கிட்டத்தட்ட ஒரே வேகம் என்பதால் பட்டை மெல்ல ஊர்ந்து போகும். டோக்கியோவிலும் நம் ஊரிலும் வேகங்கள் ஒட்டாது, படபடக்கும்.

மின்சாரம் சரி, படம் மட்டும் வெறும் ஒற்றை நிறமாக நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். பலர் இதைப் பார்த்ததும் கருவி போச்சு என்று முடிவுகட்டி விடுகிறார்கள். உண்மையில் இது நல்ல செய்தி. ஃபேமிகாமுக்குள் இரண்டு பெரிய சிப்கள் இருக்கின்றன. ஒன்று விளையாட்டை ஓட்டும் சி.பி.யூ., மற்றது படம் வரையும் பி.பி.யூ. சி.பி.யூ. கட்டளை எதுவும் தராதபோது பி.பி.யூ. பின்னணி நிறத்தை மட்டும் வரைந்துகொண்டே இருக்கும். ஆக, அசையாத ஒற்றை நிறம் திரையில் நிலையாகத் தெரிகிறது என்றால் 5 வோல்ட் இருக்கிறது, கடிகாரப் படிகம் துடிக்கிறது, பி.பி.யூ. உயிரோடு இருக்கிறது, யாரோ வைத்த ஏ.வி. மாற்றமும் வேலை செய்கிறது. சந்தேகம் முழுக்க சி.பி.யூ. பக்கம் ஒதுங்கிவிட்டது. அங்கும் முதல் குற்றவாளி சிப் அல்ல, கேசட்டின் அழுக்கு.

கேசட்டில் 60 இணைப்புப் பட்டைகள். அவை இரண்டு தனித்தனிப் பாதைகளைச் சுமக்கின்றன. நிரல் இருக்கும் நினைவகம் சி.பி.யூ.வோடு பேசும், உருவங்கள் இருக்கும் நினைவகம் பி.பி.யூ.வோடு பேசும். 1985இல் வந்த ‘சூப்பர் மேரியோ பிரதர்ஸ்’ கேசட்டில் நிரலுக்கு 32 கிலோபைட், உருவங்களுக்கு 8 கிலோபைட், முழு விளையாட்டும் அவ்வளவுதான். இரண்டு பாதைகளும் கலப்பதில்லை என்பதால் ஒன்று உடைந்தாலும் மற்றது ஓடும். திரையில் எழுத்தெல்லாம் குப்பையாகக் கிடக்க, பாட்டு மட்டும் பிசகாமல் ஒலித்து, பொத்தானை அழுத்தினால் குப்பை நகர்ந்தால், சி.பி.யூ. பாதை நலம், உருவப் பாதையில் ஏதோ ஒரு பட்டை ஒட்டவில்லை. உருவங்கள் ஒழுங்காக இருந்து, ஆனால் மேகம் இருக்க வேண்டிய இடத்தில் செங்கல் இருந்தால் கேசட்டை விட்டுவிடலாம். எந்த உருவம் எந்தக் கட்டத்தில் என்று குறித்துவைக்கும் 2 கிலோபைட் நினைவகத்தையே சந்தேகிக்க வேண்டும். வாயால் ஊதுவது எச்சில் ஈரத்தைப் பட்டைகளில் பூசும் வேலை. பஞ்சுக் குச்சியில் ஐசோப்ரொபைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்தால் பஞ்சு கறுத்து வரும். கறுக்காமல் வரும்வரை துடைக்க வேண்டும்.

ஒலியில் ஃபேமிகாம் செய்திருக்கும் ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்தமானது. சி.பி.யூ.வின் முதல் இரண்டு கால்களில்தான் இசை பிறக்கிறது. முதல் காலில் மெட்டு வாசிக்கும் இரண்டு குரல்கள். இரண்டாவது காலில் அடித்தாளக் குரல், இரைச்சல், பதிவு ஒலி. இந்த இரண்டும் கலந்து நேரே டிவிக்குப் போவதில்லை. கேசட்டின் 45ஆம் பட்டை வழியே உள்ளே போய், 46ஆம் பட்டை வழியே திரும்பி வருகிறது. சாதாரண கேசட்டில் இரண்டுக்கும் நடுவே ஒரு இணைப்பு மட்டும் இருக்கும். ஆனால் கேசட் விரும்பினால் அந்த வழியில் தன் சொந்தக் குரலையும் கலந்து அனுப்பலாம். 1989இல் கொனாமி வெளியிட்ட ‘அகுமாஜோ டென்செட்சு’ கேசட்டில் வி.ஆர்.சி.6 என்ற சிப் இருந்து மூன்று கூடுதல் குரல்களைச் சேர்த்தது. வெளிநாட்டு என்.இ.எஸ்.ஸின் கேசட் வாயில் இந்த வழி இல்லாததால் அதே விளையாட்டு அங்கே மெலிந்த இசையோடு போனது.

இப்போது கோளாறுகளைப் படிப்பது எளிது. படம் உண்டு, ஒலியே இல்லை என்றால் 45, 46ஆம் பட்டைகளைத் துடைக்க வேண்டும். மெட்டு கேட்கிறது, தாளம் இல்லை என்றால் மாற்றம் செய்தவர் ஒரே ஒரு காலில் கம்பி வைத்திருக்கிறார். மற்றதெல்லாம் சரி, அந்த கொனாமி கேசட்டில் மட்டும் இசை இளைத்திருக்கிறது என்றால், ஒலியைக் கேசட்டுக்குப் போகும் முன்பே பிடுங்கி வெளியே அனுப்பியிருக்கிறார். கம்பியை 46ஆம் பட்டையின் பக்கம் மாற்ற வேண்டும். ‘உஸ்’ என்று இரைந்துகொண்டே இருந்தால் இரண்டாவது கன்ட்ரோலரில் இருக்கும் மைக்கின் ஒலியளவுத் தள்ளியைக் கீழே இறக்கிப் பார்க்கலாம். ஆம், 1983இல் கன்ட்ரோலரில் மைக் வைத்திருந்தார்கள்.

இனி அந்த 21ஆம் கால். படம் முழுவதும் பி.பி.யூ.வின் இந்த ஒரே காலில்தான் வெளியே வருகிறது. சிவப்பு, பச்சை, நீலம் (ஆர்.ஜி.பி.) என்று தனித்தனியாக எதுவும் இந்தக் கருவிக்குள் எங்கேயும் கிடையாது. படிகம் வினாடிக்கு 2 கோடியே 14 லட்சத்துக்கும் மேல் துடிக்கிறது. அதில் ஆறு துடிப்பு சேர்ந்தால் டிவிக்கான வண்ண அலையின் ஒரு சுற்று. ஒவ்வொரு துடிப்பின் ஏற்றத்தையும் இறக்கத்தையும் தனியாக எண்ணினால் ஒரு சுற்றுக்குப் பன்னிரண்டு தருணங்கள். பி.பி.யூ. தன் அலையை அந்தப் பன்னிரண்டில் எந்தத் தருணத்தில் தொடங்குகிறதோ, அதுதான் நிறம். ஒரு வினாடியின் நாலு கோடியில் ஒரு பங்கு நேரம் தள்ளித் தொடங்கினால் அடுத்த நிறம். ஃபேமிகாமின் நீலமும் பச்சையும் நேரத்தால் செய்யப்பட்டவை. ஆர்.ஜி.பி. வேண்டும் என்பவர்கள் ஒரு கம்பி இழுத்து அதைப் பெற முடியாததும் இதனால்தான். அவர்கள் பி.பி.யூ.வையே கழற்றிவிட்டு, பிளேசாய்ஸ்-10 ஆர்கேட் இயந்திரத்தில் இருந்த ஆர்.பி.2சி03 போன்ற வேறொரு சிப்பை வைத்தாக வேண்டும். அப்போது சில விளையாட்டுகளின் நிறங்கள் மூலத்திலிருந்து விலகிவிடும்.

21ஆம் காலின் குரல் மெலிந்தது. டிவியின் 75 ஓம் சுமையை அதனால் இழுக்க முடியாது. நேரே கம்பி வைத்தால் படம் இருண்டு, சில டிவிகளில் நிற்காமல் உருளும். நடுவே ட்ரான்சிஸ்டர் வைப்பது அதற்காகத்தான். ஆனால் மாற்றம் செய்த ஃபேமிகாம்களில் அடிக்கடி பார்க்கிற குறை வேறு: நீல வானம் போன்ற ஒற்றை நிறப் பரப்பில் மேலிருந்து கீழாக மெல்லிய நிழற்கோடுகள், சிறைக் கம்பிகளைப் போல ஒரே இடைவெளியில். அவை நகர்வதே இல்லை. நகராததுதான் துப்பு.

பி.பி.யூ. ஒரு வரியை எட்டெட்டுப் புள்ளியாக, 32 கட்டமாக வரைகிறது. ஒவ்வொரு கட்டத்துக்கும் நான்கு முறை நினைவகத்தைப் படிக்கிறது, முறைக்கு இரண்டு புள்ளி நேரம். அந்தத் தாளம் எட்டுப் புள்ளிக்கு ஒருமுறை திரும்பும்; ஒவ்வொரு வரியிலும் முதலிலிருந்து தொடங்கும். விசைத்தறி ஓடும் வீட்டுக்கு அடுத்த வீட்டில் மெல்லப் பேசினால் பேச்சோடு தறியின் தடதடப்பும் காதில் விழுவது போல, நினைவகக் கம்பிகளின் துடிப்பு பக்கத்தில் ஓடும் படக் கம்பியில் ஏறிக்கொள்கிறது. வரிக்கு வரி ஒரே இடத்தில் ஏறுவதால் கோடாகிறது. பி.பி.யூ. நினைவகத்தைப் படிக்கிற செயலையே நாம் கண்ணால் பார்க்கிறோம். மின்சாரத்தால் வரும் கறை குறுக்குப் பட்டையாக ஓடும், இது செங்குத்தாக நிற்கும். இரண்டையும் குழப்பிக்கொண்டு கெப்பாசிட்டர்களாக மாற்றித் தள்ளுவதில் பயன் இல்லை. 21ஆம் காலை போர்டிலிருந்து மெல்லத் தூக்கி, பழைய தடத்தோடு உறவை அறுத்து, ட்ரான்சிஸ்டரை அதன் அருகிலேயே வைத்து, போர்டின் குறுக்கே படுத்திருக்கும் நீளக் கம்பியை எடுத்துவிட்டால் கோடுகள் வெகுவாக மங்கும். முழுதாக மறையாது. கொஞ்சம் இரைச்சல் சிப்புக்கு உள்ளேயே ஏறிவிடுகிறது. பிந்தைய ஆண்டுகளில் வந்த போர்டுகளில் இது இயல்பாகவே குறைவு.

எல்லாம் சரிசெய்த பிறகும் புது எல்.இ.டி. டிவி ‘சிக்னல் இல்லை’ என்று சொல்லக்கூடும். டிவி நியதிப்படி ஒரு படத்துக்கு 525 வரி. அதை 262½, 262½ என்று இரண்டு தவணையாக, ஒன்றின் இடைவெளியில் மற்றது விழும்படி அனுப்ப வேண்டும். ஃபேமிகாம் அந்த அரை வரியைக் கைவிட்டு, ஒவ்வொரு முறையும் முழுதாக 262 வரியை ஒரே இடத்தில் வரைகிறது. பழைய பிக்சர் ட்யூப் டிவி வரிகளை எண்ணுவதில்லை, வந்ததை வரையும். புதியது எண்ணும், கணக்கு ஒத்துவராவிட்டால் கைவிரிக்கும், அல்லது இரண்டு தவணையையும் சேர்த்து ஒரு படமாக்கப் பார்க்கும். பெரிய மேரியோ அடிபட்டுச் சிறுத்ததும் சிறிது நேரம் மின்னி மின்னித் தெரிவானே, அந்த மின்னல் ஒரு படம் விட்டு ஒரு படம் அவனை மறைப்பதால் வருவது. ஒன்றுவிட்டு ஒன்றை எடுத்துக்கொள்ளும் டிவியில் அந்நேரம் முழுக்க அவன் காணாமலே போய்விடுவான். அதைப் பார்த்துவிட்டுக் கருவியை மறுபடி திறக்க வேண்டியதில்லை. அந்த 262இல் படம் தாங்கும் 240 வரியை அப்படியே ஏற்றுப் பெரிதாக்கித் தரும் மாற்றிப் பெட்டி ஒன்றை நடுவே வைத்தால் மேரியோ மின்னத் தொடங்குவான்.