சுருக்கினால் மட்டும் போதாது

பிளாஸ்டிக் மாடல் கிட் ஒன்றைப் பிரித்தால், சட்டங்களில் ஒட்டிக்கொண்டிருக்கும் துண்டுகளும் ஒரு செய்முறைத் தாளும் கிடைக்கும். வெட்டி, தேய்த்து, ஒட்டி, வண்ணம் பூசினால் விமானமோ டாங்கியோ கப்பலோ தயார். துண்டுகளைத் தொழிற்சாலையே செய்து தந்துவிடும்போது ஒட்டுகிறவருக்கு இதில் என்ன பெருமை என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் அசலை அளவு பிசகாமல் சுருக்கினால் அது கண்ணுக்கு அசலாகத் தெரிவதில்லை. செய்பவரின் வேலை அங்கே தொடங்குகிறது.

விமான மாடல்களில் பரவலாகப் புழங்கும் அளவு 1/72. ஆறடி மனிதன் அதில் ஓர் அங்குலம். பிரிட்டனின் ஃப்ராக் நிறுவனம் 1936-இல் வெளியிட்ட முன்னோடி பிளாஸ்டிக் கிட்களும் இதே அளவில்தான் வந்தன. கணக்கைப் போட்டுப் பார்ப்போம். விமானத்தின் அலுமினியத் தகடு 1 மி.மீ. தடிமன் என்று வைத்துக்கொண்டால், மாடலில் அது 0.014 மி.மீ. ஆக வேண்டும். தலைமுடியைவிட மெல்லியது, உருகிய பாலிஸ்டைரீனை அச்சில் செலுத்தி அவ்வளவு மெல்லிசாக வார்க்க முடியாது. அதனால் கிட்டில் இறக்கையின் பின்விளிம்பு தடித்தே வரும். பொறுமையுள்ளவர் உப்புத்தாளால் தேய்த்து மெலியவைப்பார். தகடுகள் சந்திக்கும் கோடுகளின் கதை நேர்மாறு. 0.1 மி.மீ. அகலக் கோடு, அசலில் 7 மி.மீ. இடைவெளிக்குச் சமம். அப்படியொரு விமானத்தில் ஏற யாருக்குத் துணிச்சல் வரும்! ஆனாலும் அந்தக் கோடு இல்லாவிட்டால் மாடல் மொழுக்கென்று விளையாட்டுப் பொம்மையாகிவிடும். நிறத்திலும் இதே சிக்கல். அசல் டாங்கியின் பச்சையை அப்படியே பூசினால் சிறிய மாடலில் இருண்டு தெரியும் என்று பலர் கொஞ்சம் வெள்ளை கலக்கிறார்கள். எவ்வளவு கலப்பது என்பதற்கு வாய்ப்பாடு கிடையாது, கண்தான் அளவுகோல்.

தயாரிப்பாளர்களும் எப்போதும் வாய்ப்பாட்டைப் பார்த்து முடிவெடுப்பதில்லை. ஜப்பானின் ஷிசுவோகா நகரத்துத் தாமியா நிறுவனம் 1961-இல் பாந்தர் டாங்கியை வெளியிட்டபோது, உள்ளே மோட்டாருக்கான இரண்டு பேட்டரிகள் கொள்ளவேண்டும் என்பதற்காகவே ஓர் அளவைப் பிடித்தது. பிறகு அளந்து பார்த்தால் ஏறத்தாழ 1/35 என்று வந்தது. ராணுவ வாகன மாடல்களுக்கு இன்று உலகெங்கும் அதுவே வழக்கம். அதே நிறுவனம்தான் பின்னாளில் ஒரு கார் மாடலுக்காகப் போர்ஷே 911 ஒன்றை விலைக்கு வாங்கிக் கழற்றிப் பார்த்தது. எதை விடலாம், எதைக் கூட்டலாம் என்று தீர்மானிக்க முதலில் அசலை அறிந்திருக்க வேண்டும். துண்டுகள் எல்லாருக்கும் ஒன்றுதான் என்ற வாதத்துக்கு 1977-இல் வெளியான 'ஸ்டார் வார்ஸ்' நல்ல பதில். அதன் விண்கலங்களின் மேற்பரப்பில் நெருக்கமாகத் தெரியும் எந்திர நுணுக்கங்களில் பெரும்பகுதி, கடைகளில் விற்ற டாங்கி, விமானக் கிட்களிலிருந்து எடுத்து ஒட்டியவை.

இந்தக் கலை போரை அழகுபடுத்துகிறது என்ற குற்றச்சாட்டு அந்த வாதத்தைவிடக் கனமானது; முழுதாக மறுக்கவும் முடியாது. நாஜி டாங்கியின் துருவை நுணுக்கமாகத் தீட்டுபவர், அது எந்த ஊர்களை நசுக்கியது என்பதை மறந்துபோகலாம். அதற்காக இந்தக் கலையையே ஒதுக்க வேண்டியதில்லை. கார், பயணிகள் விமானம், பாய்மரக் கப்பல் என்று கிட்கள் ஏராளம். தொடங்க நினைப்பவர்கள் துண்டுகள் குறைந்த சிறிய கிட்டாக வாங்குங்கள். இதற்கான பசை பிளாஸ்டிக்கைக் கரைத்து ஒட்டும் திரவம். ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு வேலை செய்யுங்கள்.