வேகத்தை அடக்குவது யார்?

1986-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில், கலிபோர்னியாவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வுக்கூடத்துக்கும் அதிலிருந்து ஏறக்குறைய 400 கஜ தூரத்திலேயே இருந்த பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கும் இடையே, விநாடிக்கு 32,000 பிட் வீதம் ஓடிக்கொண்டிருந்த செய்திப் போக்குவரத்து, திடீரென்று விநாடிக்கு 40 பிட் என்ற பரிதாப நிலைக்கு வீழ்ந்தது. கம்பி அறுந்துவிடவில்லை. ஒவ்வொரு கணினியும், தான் அனுப்பிய பாக்கெட் என்னும் செய்தித் துண்டு போய்ச் சேரவில்லையென்று எண்ணி அதையே மீண்டும் மீண்டும் அனுப்ப, ஏற்கனவே நிரம்பியிருந்த பாதை அந்தப் பிரதிகளாலேயே அடைபட்டுப் போயிற்று. இத்தகைய விபரீதம் நேரக்கூடுமென்று ஜான் நேகிள் 1984-லேயே எழுதி எச்சரித்திருந்தார்.

கணினிகள் இவ்வாறு பாக்கெட்டுகளை அனுப்பிப் பெறுவதற்கான டிசிபி என்னும் விதிமுறையில் ஆதியிலிருந்தே ஒரு கட்டுப்பாடு உண்டு. பெறுகிற கணினி, தன்னிடம் இன்னும் எத்தனை பைட் ஏற்க இடமிருக்கிறதென்பதை பாக்கெட் வந்து சேர்ந்ததென்று திருப்பியனுப்பும் ஒவ்வோர் ஒப்புகையோடும் தெரிவிக்கும்; அந்த அளவுக்குச் சாளரம் என்று பெயர். அவ்வளவும் அனுப்பியபின் ஒப்புகை வரும்வரை அனுப்புகிற கணினி பொறுத்திருக்க வேண்டுமாதலால், சாளரத்தைப் போய்வரும் காலத்தால் வகுத்தால் கிடைப்பதே வேகத்தின் உச்சவரம்பு: சாளரம் 65,535 பைட்டும் போய்வரும் காலம் விநாடியில் பத்தில் ஒரு பங்குமானால், விநாடிக்குச் சுமார் 52 லட்சம் பிட்டுக்கு மேல் செல்லாது. ஆயினும் இச்சாளரம் பெறுகிறவரின் இடவசதியை அறியுமேயன்றி நடுவழி நெரிசலை அறியாது. அக்குறையைப் போக்க, வான் ஜேக்கப்சன், மைக் கேரல்ஸுடன் ஆராய்ந்து 1988-இல் வெளியிட்ட முறையில், அனுப்புகிற கணினியே தனக்கென மற்றொரு சாளரத்தை வைத்துக்கொண்டு, ஒப்புகை வர வர அதை விரித்து, பாக்கெட் தொலைந்தால் சட்டென்று சுருக்கிக்கொள்ளும்.

இவ்வாறு இழப்பே நெரிசலின் சமிக்ஞையாக அமைந்துவிட்டபடியால், வழியில் பாக்கெட்டுகளைக் கைமாற்றிவிடும் ரௌட்டர்களில் சேமிப்பிடத்தைப் பெருக்கி, ஒரு பாக்கெட்டும் தொலையாமல் வரிசையில் நிறுத்திவைப்பது பேருபகாரம்போல் தோன்றினாலும், உண்மையில் அது அனுப்புகிறவரிடமிருந்து சத்தியத்தை மறைக்கும் காரியமே என்பது என் திடமான அபிப்பிராயம். விநாடிக்கு 10 லட்சம் பிட் மட்டும் வெளியேறும் வாயிலில் 10 லட்சம் பைட் நீளமுள்ள வரிசை நின்றால், கடைசிப் பாக்கெட் 8 விநாடி காத்துக் கிடக்கும். அதன் பின்னால் வரும் தொலைபேசி உரையாடலின் கதி என்ன? வரிசை வேகத்தை அடக்குவதில்லை. மிகுதியைத் தாமதமாக மாற்றுகிறது, அவ்வளவே.

1990-களில் பாக்கெட்டியர் என்ற நிறுவனம் வேறோர் உபாயத்தைக் கையாண்டது. அதன் கருவி நடுவழியில் நின்று, திரும்பிச் செல்லும் ஒப்புகையில் எழுதியிருந்த சாளர அளவைக் குறைத்தும், ஒப்புகையையே சற்றுத் தாமதித்தும், அனுப்புகிற கணினி தானே நிதானப்படும்படி செய்தது. வரிசை வளராமலேயே வேகம் அடங்கும் இந்தச் சாதுரியம் வியக்கத்தக்கதே. எனினும் சாளரமே இல்லாத யுடிபி என்னும் வேறொரு விதிமுறையின் பாக்கெட்டுகளிடம் இது பலிக்காது. ஒப்புகைகளையும் மறைமொழியில் பூட்டி அனுப்பும் குவிக் போன்ற புதிய விதிமுறைகளிடமும் இதற்கு வேலையில்லை.

ஆகவே ரௌட்டரின் கடமை, உரிய காலத்தில் உண்மையைச் சொல்லிவிடுவதுதான். கேத்லீன் நிக்கல்ஸும் ஜேக்கப்சனும் 2012-இல் வெளியிட்ட கோடெல் என்னும் முறை, வரிசையின் நீளத்தைப் பொருட்படுத்தாமல், ஒவ்வொரு பாக்கெட்டும் அதில் எவ்வளவு நேரம் தங்கியது என்பதையே கணக்கிடுகிறது. அந்த நேரம் 100 மில்லிவிநாடிக் காலம் முழுவதும் 5 மில்லிவிநாடிக்குக் கீழே ஒரு முறையேனும் இறங்காவிடில், ஒரு பாக்கெட்டைக் கைவிடும். நிலைமை சீர்படாதவரை, அடுத்தடுத்துக் கைவிடும் இடைவெளியைக் குறைத்துக்கொண்டே போகும். தொலைந்ததை ஒப்புகைகளால் உணர்ந்து, அனுப்புகிற கணினி தன் சாளரத்தைச் சுருக்கிக்கொள்ளும்.