உள்ளங்கை கொள்ளும் ஞாபகம்

வடகாட்டிலிருந்து ஆலங்குடிக்கு வரும் அங்கத்தினர் ஒருவரை எண்ணிப் பார்ப்போம். சங்கத்தில் யூரியா இருப்பு உண்டா என்று கேட்க வேண்டும். பயிர்க்கடனின் தவணைத் தேதியை அறிய வேண்டும். மோட்டாருக்கு ஒரு பியூஸ், வீட்டாருக்கு இருமல் மருந்து வாங்க வேண்டும். பேருந்தை விட்டு இறங்கும்வரை நான்கும் நினைவில் நிற்கின்றன. எதிர்ப்பட்ட உறவினர், கடலை மூட்டை என்ன விலைக்குப் போயிற்று என்று வினவுகிறார். இரண்டு நிமிஷம் விலைப் பேச்சு நடக்கிறது. சங்க வாயிலை அடையும்போது இரண்டுதான் மிஞ்சியிருக்கின்றன. “வயதாகிவிட்டது, ஞாபகசக்தி போய்விட்டது” என்று அவர் நொந்துகொள்கிறார்.

அவர் நொந்துகொள்ள வேண்டியதில்லை. இளமையில் கண்டவற்றை ஆண்டுக்கணக்கில் காத்து வைக்கும் ஞாபகம் வேறு. இப்பொழுது கேட்டதைச் சற்று நேரம் ஏந்தி நிற்கும் ஞாபகம் வேறு. முன்னதைக் குதிர் என்றால் பின்னது உள்ளங்கை. அதில் எவ்வளவு கொள்ளும் என்பதை 1956-ஆம் ஆண்டில் அமெரிக்க மனோதத்துவ அறிஞர் ஜார்ஜ் மில்லர் ஆராய்ந்து, ஏறக்குறைய ஏழு உருப்படிகள் என்றார். 2001-இல் நெல்சன் கோவன் என்பார், மனத்துக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொள்ள வழியில்லாதபோது நான்கே கொள்ளும் என்று அதனையும் குறைத்தார். 1959-இல் பீட்டர்சன் என்னும் பெயருடைய இருவர் மாணவர்களுக்கு மூன்று எழுத்துகளைச் சொல்லி, உடனே ஓர் எண்ணிலிருந்து மும்மூன்றாகக் குறைத்து எண்ணச் செய்தனர். 18 விநாடி கழிந்ததும், பத்தில் ஒரு முறையளவே அந்த எழுத்துகள் சரியாக வந்தன. கடலை விலைப் பேச்சு செய்த வேலையும் இதுவே.

இந்த உள்ளங்கையைப் பெரிதாக்க இயலுமா? நாகர்கோயிலை அடுத்த இடலாக்குடியில் பிறந்த செய்குத்தம்பிப் பாவலர், 1907 மார்ச் 10-ஆம் நாள் சென்னை விக்டோரியா மண்டபத்தில் சதாவதானம் நிகழ்த்தினார். அவதானக் கலையில் ஒருவர் வெண்பாவுக்கு அடி கொடுப்பார்; மற்றொருவர் கணக்குப் போடுவார்; இன்னொருவர் முதுகில் நெல்லையோ கல்லையோ எறிந்துகொண்டேயிருப்பார். யாவற்றுக்கும் விடை கூறி, விழுந்தவற்றின் எண்ணிக்கையையும் அவதானி இறுதியில் சொல்லவேண்டும். இது பிறவி வரம் என்றே பலர் கருதுவர். 1980-இல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சி வேறுவிதமாகக் கூறுகிறது. சாதாரண மாணவர் ஒருவர் சுமார் 230 மணி நேரம் பழகி, 7 இலக்கங்களிலிருந்து 79 இலக்கங்கள் வரை ஒருமுறை கேட்டே ஒப்பித்தார். ஓட்டப்பந்தய வீரரான அவர், இலக்கங்களை மூன்று நான்காகச் சேர்த்து ஓட்ட நேரங்களாக நினைவிற் கொண்டார். ஆனால் இலக்கங்களுக்குப் பதிலாக எழுத்துகளைக் கொடுத்தபோது, முன்போல் ஆறளவே நின்றன! உள்ளங்கை வளரவில்லை, தொடுக்கும் கை தேர்ந்தது. உதிரிப்பூவை அள்ளினால் கொஞ்சமே கொள்ளும். சரமாகத் தொடுத்துவிட்டால் அதே கையில் பல முழம் ஏறும் என்பதைக் கீரமங்கலத்துப் பூ விவசாயிகளுக்கு நாம் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஆகவே வடகாட்டு அங்கத்தினர் ‘சங்கத்தில் இரண்டு, கடைத்தெருவில் இரண்டு’ என்று தொடுத்துக்கொண்டு புறப்படலாம். துண்டுக் காகிதத்தில் எழுதிக்கொள்வது அதனினும் நன்று. எழுதிக்கொள்வதை இழிவாக எண்ணுவோர் நம்மில் இன்னும் உளர். கைப்பேசியில் குறித்துக்கொண்டாலும் குற்றமில்லை.

தறியில் இருப்போருக்கு இடையூறே பகை. கட்டம் போட்ட சேலையில் நிற ஊடைகளை எண்ணிக்கொண்டிருக்கையில் வாயிலில் யாரேனும் அழைத்தால், அந்தக் கட்டத்தை முடித்தே எழுவது நலம். முடியாதெனில், விட்ட எண்ணிக்கையை வாய்விட்டுச் சொல்லிச் சுண்ணாம்புக் கட்டியால் தறிமரத்தில் குறித்துவிட வேண்டும். திரும்பி வந்து ஊகத்தால் தொடர்ந்தால், சேலை முடிந்த பின்னரே பிழை கண்ணில் படும்.

பூச்சிமருந்து விஷயத்தில் மறதியின் விலை மிக அதிகம். தெளிப்பான் தொட்டியில் மருந்து ஊற்றியாயிற்றா இல்லையா என்ற ஐயத்தில் மறுபடியும் ஊற்றினால் அளவு இரட்டிப்பாகிறது. பயிருக்கும் கேடு, தெளிப்பவருக்கும் கேடு. மருந்து கலக்கும்போது கைப்பேசியை எடுக்கலாகாது. ஒவ்வொரு தொட்டிக்கும் மருந்து ஊற்றியவுடன் வரப்பில் ஒரு கல் வைத்தால், கணக்கைக் கல்லே வைத்திருக்கும். மிச்சமான மருந்தைத் தண்ணீர்ப் புட்டியில் ஊற்றி, ‘எனக்கு ஞாபகம் இருக்கும்’ என்று வைப்பது பெரும் பிழை. ஊற்றியவருக்கு ஞாபகம் இருக்கலாம். தாகத்தோடு வரும் பிள்ளைக்கு அது எப்படித் தெரியும்? மருந்து தன் சொந்தப் புட்டியிலேயே, பூட்டிய இடத்தில் இருக்கட்டும்.

தமிழ்நாட்டுக் கூட்டுறவுப் பயிர்க்கடனைத் தவணைக்குள் செலுத்துவோருக்கு வட்டி இல்லை. நாள் தவறினால் உண்டு. கடன் பெற்ற அன்றே தேதியைச் சுவர்க் காலண்டரில் குறித்து, வீட்டில் மற்றொருவரிடமும் சொல்லிவைப்பது அவசியம். கணக்குப் புத்தகத்துக்கும் சாவிக்கும் ஒரே இடம் இருக்க வேண்டும்.

உறக்கம் குறைந்தால் ஞாபகமும் குறையும். ஞாபகசக்தி மாத்திரை என்று விளம்பரப்படுத்தப்படுவனவற்றுக்குப் பணம் செலவிட வேண்டாமென்பது நம் கருத்து. வல்லாரைக் கீரையை நாம் தடுக்கவில்லை. கீரை என்ற அளவில் அது நல்லதே.

ஆனால் கேட்டதையே மீண்டும் மீண்டும் கேட்பதும், பழகிய தெருவில் வழி தடுமாறுவதும் வேறு வகை. தைராய்டுக் குறைவு, பி12 சத்துக் குறைவு போன்ற சிகிச்சைக்குரிய காரணங்களும் இருக்கக்கூடுமாதலால், வயதென்று விட்டுவிடாமல் அரசு மருத்துவமனையில் காட்ட வேண்டும். திடீரென வாய் குழறினாலோ, ஒரு பக்கக் கை தளர்ந்தாலோ, மறுநாள் வரை பொறுக்காமல் உடனே 108-ஐ அழைக்க வேண்டும்.