சேலையின் நிறமும் படத்தின் நிறமும்

கண்டமங்கலம் வட்டாரத்து நெசவாளர் சங்கம் ஒன்றின் கணக்குகளைச் சென்ற ஆண்டு தணிக்கை செய்தபோது, திரும்பி வந்த சரக்குகளின் பதிவேட்டில் ஒரே காரணம் மீண்டும் மீண்டும் எழுதப்பட்டிருக்கக் கண்டேன்: ‘நிற வேற்றுமை’. கிளிப்பச்சை உடலும் அரக்குக் கரையும் கொண்ட சேலைகளை, இணையத்தில் படம் பார்த்து வாங்கியவர்கள் திருப்பி அனுப்பியிருந்தனர். படத்தில் கண்டது வெளிறிய பாசிநிறமாம். கைக்கு வந்ததோ கண்ணைப் பறிக்கும் பச்சையாம். போகவரத் தபால் செலவு சங்கத்தின் தலையில் விழுந்தது. அதனைச் சாயம் தோய்த்தவரின் கூலியில் பிடித்தம் செய்வதென நிர்வாகக் குழுவினர் தீர்மானம் எழுதும் தறுவாயில் இருந்தனர்.

சேலையைத் தாழ்வாரத்து வெளிச்சத்தில் விரித்து, அதைப் படமெடுத்த கைப்பேசியை அருகே வைத்துப் பார்த்தோம். நிறம் ஒத்திருந்தது. அதே கைப்பேசியில், இணையத்தில் ஏற்றிய படத்தைத் திறந்து பார்த்தோம், ஒத்துவரவில்லை. குற்றம் சாயத்தொட்டியில் இல்லை. பெரிய படத்தைச் சிறிதாக்கிய இடத்தில் இருந்தது. தீர்மானம் கைவிடப்பட்டது.

1935-இல் தோன்றிய கோ-ஆப்டெக்ஸ் நிறுவனமே இன்று இணையத்திலும் விற்பனை செய்கிறது. ஆதலின் இவ்விஷயத்தை அங்கத்தினர்கள் சற்று விரிவாக அறிந்துகொள்ளுதல் நலம்.

கணிப்பொறி நிறத்தை நிறமாக அறியாது. படத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்னும் மூன்றுக்கும் 0 முதல் 255 வரை எண்களை எழுதிவைக்கும். ஒரு சாயக் கம்பெனியின் நிற அட்டையில் 40-ஆம் எண்ணும், மற்றொரு கம்பெனியின் அட்டையில் 40-ஆம் எண்ணும் ஒரே நிறமாகா என்பது நமக்குத் தெரிந்ததே. அவ்வாறே, எண்கள் எந்த அட்டைக்குரியவை என்பதைப் படக்கோப்பினுள் இருக்கும் ஒரு குறிப்பு சொல்லவேண்டும். இதனைப் ‘புரொஃபைல்’ என்பர்.

ஹெச்.பி., மைக்ரோசாப்ட் ஆகிய இரு கம்பெனிகள் 1996-இல் முன்மொழிந்து, 1999-இல் சர்வதேசத் தரமாக ஏற்கப்பட்ட ‘எஸ்.ஆர்.ஜி.பி.’ என்பதே இணையத்தின் பொது அட்டை. ஆனால் 2016 முதல் ஐபோன்களும், பின்னர் வேறு சில கைப்பேசிகளும், அதனினும் விரிந்த ‘டிஸ்ப்ளே பி3’ என்னும் அட்டையில் படமெடுக்கின்றன. அவ்வட்டையில் பச்சைக்கும் சிவப்புக்கும் ஆழம் மிகுதி. ஆகவே நம் கிளிப்பச்சைக்கு அங்கே எழுதப்படும் எண்கள் சற்று அடங்கியே இருக்கும். படத்தைச் சிறிதாக்கும் செயலிகளுள் சில, கோப்பின் அளவைக் குறைக்கும்பொருட்டுக் குறிப்பைக் களைந்துவிடுகின்றன. குறிப்பற்ற கோப்பைப் பெரும்பாலும் பொது அட்டையின்படியே படிப்பர். பச்சை வெளிறுவது இதனால்தான்.

பரிகாரம் எளிது. சிறிதாக்குமுன் படத்தை எஸ்.ஆர்.ஜி.பி.க்கு மாற்றிவிட வேண்டும். குறிப்பையும் கோப்பிலேயே இருக்கவிட வேண்டும். ‘ஜிம்ப்’ என்னும் இலவசச் செயலியிலும் இதற்கு வழியுண்டு. அங்கே ‘கன்வர்ட்’, ‘அசைன்’ என இரு கட்டளைகள் காணப்படும். முன்னது எண்களையும் புதிய அட்டைக்கேற்பத் திருத்தும். பின்னது 80-ஆம் நம்பர் நூற்கட்டில் 100-ஆம் நம்பர் சீட்டை ஒட்டுவது போன்றது, நமக்கு வேண்டாதது.

நுண்கட்டம் போட்ட சேலைக்கும் லுங்கிக்கும் வேறொரு தொல்லை உண்டு. கறுப்பும் வெள்ளையும் ஓரிழை விட்டு ஓரிழை ஓடும் துணியை எட்ட நின்று பார்த்தால், வெள்ளையின் பாதி வெளிச்சம் கண்ணுக்கு வருகிறது. படத்தைச் சிறிதாக்கும் செயலியோ கறுப்பின் 0-வையும் வெள்ளையின் 255-ஐயும் கூட்டி, இரண்டால் வகுத்து, 128 என்று எழுதுகிறது. கணக்கு சரி, நிறம் தவறு. எண்கள் வெளிச்சத்தின் அளவுக்கு நேர்விகிதத்தில் அமைந்தவையல்ல. 128 தரும் வெளிச்சம் வெள்ளையில் ஏறக்குறைய 22 சதவீதமே. பாதி வெளிச்சத்திற்குரிய எண் 188. கட்டம் போட்ட துணி சிறிய படத்தில் இருண்டு தோன்றுவதற்கு இதுவும் காரணம். ‘லீனியர்’ முறையில் சிறிதாக்கும் வசதி சில செயலிகளில் இருக்கிறது. இருந்தால் அதனையே தேர்க.

மூன்றாவது, ‘ஜேபெக்’ கோப்பின் சிக்கனம். வெளிச்சத்தைப் புள்ளிதோறும் எழுதும் அம்முறை, நிறத்தைப் பெரும்பாலும் நான்கு புள்ளிகளுக்குச் சேர்த்து ஒருமுறையே எழுதுகிறது. சிறுவந்தாட்டுப் பட்டின் மெல்லிய கரைக்கோடு பக்கத்து நிறத்தோடு கலங்கிவிட இது போதும். சேமிக்கும்போது ‘4:4:4’ என்பதைத் தேர்ந்தால் இக்கலக்கம் நேராது. வாட்ஸ்அப்பில் வந்த படம் ஏற்கெனவே சுருங்கியிருக்கக்கூடும். அதனை மீண்டும் சுருக்காமல், எடுத்த மூலப்படத்திலிருந்தே செய்க.

மணிலா வாங்க வருபவர் தோலை உடைத்துப் பருப்பைப் பார்த்துத்தான் விலை பேசுவார். சேலை வாங்குபவருக்குப் படம் ஒன்றே கதி. அவருடைய திரையோ இரவில் மஞ்சளாக்கி வைத்ததாக இருக்கலாம். அதன்மேல் நமக்கு அதிகாரமில்லை. ஆகையால் அச்சங்கத்தினர் இப்போது படத்தின் கீழே பாவு என்ன நிறம், ஊடை என்ன நிறம், கரை என்ன நிறம் என்று சொல்லாலும் எழுதிவருகின்றனர். சாயம் தோய்த்தவருக்கு அவ்வாரக் கூலி முழுமையாகப் பட்டுவாடா செய்யப்பட்டது.